காமாவா, லாக்நார்மலா, பரேட்டோவா? கிளெய்ம் தொகைக்கு வளைவு தேடும்போது

ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஆயிரம் கிளெய்ம்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தொகையின் சராசரி 20, திட்டவிலக்கம் 40. அலகு ஆயிரமா லட்சமா, எந்த நாணயம் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். இந்த இரண்டு எண்களுக்கும் அச்சாகப் பொருந்தும்படி மூன்று பரவல்களை, அதாவது எந்தத் தொகை எவ்வளவு வாய்ப்போடு வரும் என்று சொல்லும் வளைவுகளை, அமைக்கிறேன்: ஒரு காமா, ஒரு லாக்நார்மல், ஒரு பரேட்டோ. இப்போது கேள்வி: ஒவ்வொரு கிளெய்மிலும் 500-ஐத் தாண்டும் பகுதியை மட்டும் ஒரு மறுகாப்பீட்டு நிறுவனம், அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்கே காப்பீடு தருவது, ஏற்றுக்கொள்கிறது. அதற்கு எதிர்பார்க்கும் இழப்பு மொத்தமாக எவ்வளவு?

காமா 9 என்கிறது. லாக்நார்மல் 191 என்கிறது. பரேட்டோ 197.

சராசரியும் ஒன்று, திட்டவிலக்கமும் ஒன்று. விடை மட்டும் இருபது மடங்குக்கு மேல் விலகி நிற்கிறது. காமாவை நம்பி விலை போட்டவர் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அதே மூன்றிடமும் வேறொரு கேள்வி. ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 100 வரைதான் நாம் கொடுப்போம், அதற்கு மேல் நம் பொறுப்பில்லை. மொத்தம் எவ்வளவு ஆகும்? காமா 17,100, லாக்நார்மல் 17,600, பரேட்டோ 18,000. வித்தியாசம் ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த வளைவு நல்லது என்று என்னிடம் யாராவது கேட்டால், எதற்கு என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். பாடப்புத்தகத்தில் இந்த மூன்றும் அடுத்தடுத்த பக்கங்களில், ஒரே மரியாதையோடு இருக்கும். வேலைக்கு வந்தபின் அப்படி இருப்பதில்லை.

முதலில் ஃபைலைப் பாருங்கள்

வளைவுக்குப் போகும் முன் தரவைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் சறுக்கினால் பின்னால் என்ன சாமர்த்தியம் காட்டினாலும் பயனில்லை.

கிளெய்ம் ஃபைலில் இருப்பது நடந்த இழப்புகள் அல்ல, நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த இழப்புகள். பாலிசியில் 10 வரை வாடிக்கையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டிடக்டிபிள் இருந்தால், 10-க்குக் கீழே நடந்தது எதுவும் ஃபைலில் இருக்காது. எத்தனை நடந்தது என்பதுகூடத் தெரியாது. அதைக் கவனிக்காமல் வளைவைப் பொருத்தினால், சின்ன இழப்புகளே இல்லாத ஓர் உலகத்தை நாமே படைத்துவிடுகிறோம். மேல் முனையில் இன்னொரு சிக்கல்: பாலிசியின் உச்சவரம்பு 500 என்றால், 500 என்று பதிவான கிளெய்ம் உண்மையில் 510 ஆக இருக்கலாம், 5,000 ஆகவும் இருக்கலாம். கீழே நடப்பதைத் துண்டிப்பு என்றும், மேலே நடப்பதை மறைப்பு என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. துண்டிப்புக்கு, ஒவ்வொரு கிளெய்மின் நிகழ்தகவு அடர்த்தியையும் '10-ஐத் தாண்டும் நிகழ்தகவால்' வகுக்க வேண்டும். மறைப்புக்கு, அடர்த்திக்குப் பதிலாக '500-ஐத் தாண்டும் நிகழ்தகவையே' வைக்க வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இது நடந்தது. பெரிய கிளெய்ம்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் மேலே உள்ளவை எல்லாம் ஒரே தொகை, வரிக்கு வரி அதே எண். எனக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவர் அதை அப்படியே உண்மைத் தொகையாக எடுத்துப் பொருத்தியிருந்தார். காமா அமோகமாக ஜெயித்திருந்தது. ஜெயிக்காமல் என்ன செய்யும்? வாலை, அதாவது அபூர்வமான பெரிய தொகைகள் கிடக்கும் மேல் முனையை, வெட்டிக் கொடுத்துவிட்டு, வால் குட்டையாக இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும். அந்த வரிகளை மறைக்கப்பட்டவை என்று குறித்து மறுபடி ஓட்டியதும் காமா கடைசி இடத்துக்குப் போய்விட்டது.

அப்புறம் காலம். சமீபத்திய ஆண்டின் கிளெய்ம்கள் இன்னும் முற்றவில்லை. சின்னவை சீக்கிரம் முடிந்துவிடும். பெரியவை நீதிமன்றம், மருத்துவம் என்று வருடக்கணக்கில் இழுக்கும். கடைசி இரண்டு ஆண்டுகளை அப்படியே எடுத்தால் வால் மெலிந்துதான் தெரியும்.

மூவரின் குணம்

காமாவின் பெரிய பலம் பழகுவதற்கு எளிது என்பது. வயது, வாகன வகை, கட்டடம் என்று பல காரணிகளை வைத்துச் சராசரித் தொகையைக் கணிக்கும் பொதுமை நேரியல் மாதிரிகளில் காமாதான் வழக்கமான தேர்வு. பரவற்படி (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) சராசரியின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பது அதன் அனுமானம், அதாவது பெரிய கிளெய்ம் வரும் பிரிவில் சிதறலும் அதே விகிதத்தில் பெரிதாக இருக்கும். கிளெய்ம்களுக்கு இது பெரும்பாலும் ஒத்துவருகிறது. வால் பொருந்தாவிட்டாலும் சராசரியின் கணிப்பு பெரிதாகக் கெடாது. ஆகவே சில்லறை வாகனக் காப்பீட்டில் பிரீமியம் போடுபவர் காமாவைப் பயன்படுத்தினால் நான் குறை சொல்ல மாட்டேன். அதே மாதிரியை எடுத்துக்கொண்டுபோய் மறுகாப்பீட்டுக்கு விலை போட்டால் சொல்வேன்.

லாக்நார்மல் என்பது, தொகையின் மடக்கையை எடுத்தால் இயல்நிலைப் பரவல் கிடைக்கும் என்ற அனுமானம். பல சிறு காரணங்கள் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டு இழப்பைத் தீர்மானிக்கின்றன என்று பார்த்தால் அது இயல்பாகவே வருகிறது. சராசரி, பரவற்படி போன்ற எல்லாத் திருப்புத்திறன்களும் முடிவுள்ளவை, ஆனாலும் வால் கனமானதுதான். கணக்குப் போடுவது சுலபம், வளைவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் எண்களான பண்பளவைகள் இரண்டே. சந்தேகமாக இருக்கும் இடத்தில் எனக்கு முதலில் கைபோவது இதற்குத்தான்.

பரேட்டோ வேறு ஜாதி. இத்தாலியப் பொருளாதார அறிஞர் வில்ஃபிரெடோ பரேட்டோ 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வருமானம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பார்க்கப்போய்க் கண்டது அது. தொகை பத்து மடங்கு ஆனால் அதைத் தாண்டும் நிகழ்தகவு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறையும், எங்கே நின்று பார்த்தாலும் அதே விகிதம். அந்த விகிதத்தைத் தீர்மானிக்கும் அடுக்கெண்ணை ஆல்ஃபா என்கிறோம். ஆல்ஃபா 2 அல்லது அதற்குக் கீழே போனால் பரவற்படி முடிவிலி. 1 அல்லது அதற்குக் கீழே போனால் சராசரியே முடிவிலி. அப்போது நியாயமான பிரீமியம் என்று ஒன்று கிடையாது. நான் மேலே வைத்த பரேட்டோ பூஜ்யத்திலிருந்து தொடங்கும் வடிவம், சிலர் லோமாக்ஸ் என்பார்கள். அதில் ஆல்ஃபா 2.67.

மூன்றையும் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ஆயிரம் கிளெய்மில் என்ன எதிர்பார்க்கலாம் என்று போட்டிருக்கிறேன்:

| | காமா | லாக்நார்மல் | பரேட்டோ |
|---|---|---|---|
| 100-ஐத் தாண்டும் கிளெய்ம்கள் | 47 | 29 | 25 |
| 500-க்கு மேலான இழப்பு | 9 | 191 | 197 |
| 1,000-க்கு மேலான இழப்பு | 0.01 | 43 | 65 |
| 5,000-க்கு மேலான இழப்பு | 0 | 0.5 | 4.7 |

முதல் வரி பலரை ஏமாற்றும். 100-ஐத் தாண்டுபவை காமாவில்தான் அதிகம்! திட்டவிலக்கம் 40 என்று நாம் கட்டாயப்படுத்தியிருக்கிறோம். எட்டாத உயரத்துக்குப் போக முடியாத காமா, அந்தச் சிதறலை நடுத்தர உயரத்தில் குவித்துச் சமாளிக்கிறது. ஆகவே 100, 150 அளவில் நின்று பார்த்துவிட்டு காமாதான் ஜாக்கிரதையான மாதிரி என்று ஒருவர் முடிவு கட்டினால் வியப்பில்லை. 1,000-ஐத் தாண்டும் வாய்ப்பைக் கேட்டுப் பாருங்கள்: பரேட்டோவும் லாக்நார்மலும் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்று என்கின்றன. காமா அறுபத்தெட்டு லட்சத்தில் ஒன்று என்கிறது.

லாக்நார்மலும் பரேட்டோவும் 500 வரை கைகோத்துக்கொண்டு வருகின்றன, 1,000-ல் ஒன்றரை மடங்கு விலகுகின்றன, 5,000-ல் பத்து மடங்கு. அதாவது இந்த இரண்டுக்குள் எதை எடுப்பது என்ற சண்டை, அடுக்கு, அதாவது மறுகாப்பீட்டாளர் ஏற்கும் பகுதி, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வெறும் வாய்ச்சண்டையாகவும் இருக்கலாம், உயிர்போகும் பிரச்சினையாகவும் இருக்கலாம்.

இந்த ஒப்பீட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சராசரியையும் திட்டவிலக்கத்தையும் சமன்செய்து பொருத்துவது கைக்கணக்குக்கு வசதி. நிஜ வேலையில், கையில் உள்ள தரவு வருவதற்கு மிக அதிக வாய்ப்புத் தரும் வளைவைத் தேடும் மீப்பெரு நிகழ்வாய்ப்பு முறையில்தான் பொருத்துவோம். ஆல்ஃபா 2.67 உள்ள பரேட்டோவிலிருந்து மாதிரி எடுத்தால் அந்த மாதிரியின் திட்டவிலக்கமே நிலையில்லாமல் ஆடும். ஒரே ஒரு கிளெய்ம் வந்து அதை இரட்டிப்பாக்கிவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது காமாவுக்குச் சரி. பரேட்டோவில் பானையின் பாதி எடை ஒரே சோற்றில் இருக்கலாம்.

சோதனைகள் எதைப் பார்க்கின்றன

வளைவுகளை ஒப்பிட ஏ.ஐ.சி. என்ற அகைகே அளவுகோலைத்தான் பெரும்பாலோர் முதலில் பார்ப்பார்கள். பொருத்தத்தின் தரத்திலிருந்து பண்பளவைகளின் எண்ணிக்கைக்கு அபராதம் கழிக்கும் அளவு அது. நல்ல அளவுதான். ஆனால் 2,000 கிளெய்மில் 1,950 நடுவில் இருக்கின்றன, 50 வாலில் இருக்கின்றன. ஏ.ஐ.சி. அந்த 1,950-இன் குரலையே கேட்கிறது. நடுப்பகுதியில் லேசாகத் தவறும் ஒரு மாதிரி, வாலில் அச்சாகப் பொருந்தினாலும் தோற்றுவிடும். கொல்மகோரவ்-ஸ்மிர்னாவ் சோதனையும் நடுப்பகுதிக்கே செல்லம் கொடுக்கும். ஆண்டர்சன்-டார்லிங் சோதனை இரு முனைகளுக்கும் கூடுதல் எடை தருவதால் அதை நான் அதிகம் மதிக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒரு சாதாரண வரைபடம். கிடை அச்சில் ஒரு எல்லைத்தொகை, செங்குத்து அச்சில் 'அதைத் தாண்டிய கிளெய்ம்கள் சராசரியாக இன்னும் எவ்வளவு மேலே போகின்றன' என்ற எண். இதைச் சராசரி மிகை வரைபடம் எனலாம். அடுக்குக்குறிப் பரவல் என்ற இன்னொரு எளிய வளைவில் இது தட்டையான கோடு. ஏற்கெனவே எவ்வளவு போயிருந்தாலும் இனிமேல் போவது அதே சராசரிதான். காமாவும் போகப்போகத் தட்டையாகிவிடும். லாக்நார்மல் வளைந்துகொண்டே ஏறும். பரேட்டோ நேர்கோடாக ஏறும். நம் எடுத்துக்காட்டில் 500-ல் நின்று பார்த்தால் காமா 73, லாக்நார்மல் ஏறக்குறைய 250, பரேட்டோ 320. தரவைப் போட்டவுடன் கோடு ஏறுகிறதா படுக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். வலது ஓரத்தில் மட்டும் நம்பாதீர்கள். அங்கே ஒவ்வொரு புள்ளியும் நான்கைந்து கிளெய்ம்களின் சராசரி, கோடு குடிகாரன் போல் ஆடும்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறாயே என்று திட்டுவது வழக்கம். மறுகாப்பீட்டில் வேலையே வாலைப் பிடிப்பதுதான்.

இரண்டை ஒட்டுவது

நடுவுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று என்று இரண்டையும் ஒட்டினால் என்ன? இதற்குக் கணிதத்தில் உறுதியான ஆதாரம் உண்டு. பால்கெமா, டி ஹான் இருவரும் 1974-லும், பிக்கண்ட்ஸ் 1975-லும் நிறுவியது இதுதான்: மிகப் பெரும்பாலான பரவல்களுக்கு, போதுமான உயரத்துக்குப் போய் நின்றால் எல்லையைத் தாண்டிய பகுதி பொதுமைப் பரேட்டோ என்ற ஒரே குடும்பத்தை நெருங்கும். அப்படியானால் வாலுக்கு எந்தப் பரவல் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. எங்கே வால் தொடங்குகிறது என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. அந்தக் கேள்வி லேசானதல்ல.

டென்மார்க் தீக்காப்பீட்டுத் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 முதல் 1990 வரை, 10 லட்சம் டேனிஷ் குரோனரைத் தாண்டிய 2,100-க்கும் மேற்பட்ட இழப்புகள். மிகப் பெரியது 26.3 கோடி குரோனர். இந்தத் துறையில் பயிலும் எல்லோரும் என்றாவது ஒருநாள் இதைக் கையில் எடுத்திருப்பார்கள். அலெக்ஸாண்டர் மெக்நீல் 1997-ல் இதை அலசியபோது, லாக்நார்மலின் வால் உச்சியில் உள்ள இழப்புகளுக்குச் சற்று மெலிந்ததாகவும், சாதாரணப் பரேட்டோவின் வால் அளவுக்கு மீறிக் கனத்ததாகவும் கண்டார். பொதுமைப் பரேட்டோ நடுவில் வந்து உட்கார்ந்தது. எல்லையை 1 கோடி குரோனரில் வைத்தால் 109 இழப்புகள் மேலே நிற்கின்றன; வடிவப் பண்பளவை ஏறக்குறைய 0.50. ஆல்ஃபா அதன் தலைகீழ், ஏறக்குறைய 2; பரவற்படி முடிவிலியாகும் விளிம்பு. எல்லையை 2 கோடிக்கு உயர்த்தினால் 36 இழப்புகளே மிஞ்சுகின்றன. வடிவப் பண்பளவை 0.68. ஆல்ஃபா 1.5-க்கு இறங்கிவிட்டது, பரவற்படி முடிவிலிக்குப் போய்விட்டது. தரவு அதேதான், கோட்டை மட்டும் நகர்த்தினோம்.

எல்லையைக் கீழே வைத்தால் வால் அல்லாததும் வாலோடு கலந்துவிடும். மேலே வைத்தால் கையில் நாலு புள்ளிதான் மிஞ்சும். பரேட்டோவில் ஆல்ஃபாவின் திட்டப்பிழை தோராயமாக ஆல்ஃபாவை, புள்ளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 25 கிளெய்மிலிருந்து ஆல்ஃபா 2 என்று வந்தால் பிழை 0.4. அப்படியானால் 1.6-உம் இருக்கலாம், 2.4-உம் இருக்கலாம். எல்லையின் பத்து மடங்கைத் தாண்டும் வாய்ப்பு முதலாவதில் 2.5 சதவீதம், இரண்டாவதில் 0.4 சதவீதம். ஆறு மடங்கு. லாக்நார்மலா பரேட்டோவா என்று ஒரு வாரம் வாதாடிவிட்டு, இந்த ஆறு மடங்கைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட எழுதாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒட்டும் இடத்தைத் தரவே தீர்மானிக்கட்டும் என்று விடும் வழியும் உண்டு. கூரே, ஆனந்தா இருவரும் 2005-ல் கீழே லாக்நார்மல், மேலே பரேட்டோ, இரண்டும் வழுவழுப்பாகச் சேரும்படி ஒரு மாதிரியைக் கொடுத்தார்கள். அதில் இரு பகுதிகளின் எடையும் மாறாமல் கட்டுண்டு கிடந்தது. 2007-ல் ஸ்கால்னிக் அந்தக் கட்டை அவிழ்த்தார். நேர்த்தியான வேலைதான். ஆனாலும் ஒட்டும் புள்ளி அப்போதும் நடுப்பகுதியின் கூட்டத்தால்தான் இழுக்கப்படுகிறது. நான் வரைபடத்தைப் பார்த்து மூன்று எல்லைகளைக் கையால் தேர்ந்து, மூன்றுக்கும் விலை போட்டு மேசையில் வைப்பவன்.

இதோடு சேர்ந்த இன்னொன்று பணவீக்கம். எல்லா இழப்புகளும் 10 சதவீதம் ஏறினால் 500-க்கு மேலான அடுக்கின் விலையும் 10 சதவீதம் ஏறும் என்று நினைப்பது இயல்பு. நம் பரேட்டோவில் அது 28 சதவீதம் ஏறுகிறது. முன்பு 470-ல் நின்றவை எல்லாம் இப்போது எல்லைக்குள் நுழைந்துவிட்டன அல்லவா. பழைய கிளெய்ம்களை இன்றைய விலைக்குக் கொண்டுவராமல் பொருத்திய வளைவு, எந்தக் குடும்பமானாலும், குப்பைதான்.

எத்தனை வரும்?

தொகையைப் பற்றியே இதுவரை பேசினேன். எண்ணிக்கை தனி. இந்த இரண்டையும் பிரித்து, கிளெய்ம்கள் பாய்சான் முறையில், அதாவது ஒன்றையொன்று சாராமல் ஒரு சராசரி வேகத்தில், வந்துகொண்டிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை என்று முதலில் கட்டியவர் ஸ்வீடனின் ஃபிலிப் லுண்ட்பெர்க், 1903-ல், தன் ஆய்வேட்டில். பின்னால் ஹரால்ட் கிராமர் அதைக் கணித உலகம் ஏற்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

பாய்சானின் அழகைப் பார்க்க போர்ட்கெவிட்ச் 1898-ல் வெளியிட்ட பிரஷ்யக் குதிரைப்படைக் கணக்கே போதும். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். குதிரை உதைத்து இறந்தவர்கள் 122 பேர். சராசரி 0.61. ஒருவரும் இறக்காத பிரிவு-ஆண்டுகள் பாய்சான்படி 108.7 இருக்க வேண்டும். இருந்தது 109.

காப்பீட்டில் இவ்வளவு அடக்கமான தரவு கிடைப்பது அபூர்வம். பரவற்படி சராசரியைவிடப் பெரிதாகவே இருக்கும். உடனே எதிர்மறை ஈருறுப்புப் பரவலுக்குத் தாவுவது வழக்கம். ஒவ்வொருவரின் விபத்து விகிதமும் காமாவாகச் சிதறியிருந்தால் கிடைப்பது அது. தாவுமுன் ஒரு கணக்கு. 10,000 பாலிசிகள், பாதிப் பேருக்கு ஆண்டு விகிதம் 0.05, மீதிப் பேருக்கு 0.15. யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. மொத்தம் 1,000 கிளெய்ம் எதிர்பார்க்கிறோம். எல்லோரும் ஒன்று என்று எடுத்தால் திட்டவிலக்கம் 31.6. இந்த வேறுபாட்டைச் சேர்த்தால் 32.0. இவ்வளவுதான்! ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு, ஒருவருக்கு எவ்வளவு பிரீமியம் என்பதற்கு முக்கியம். மொத்தத் தொகுப்பின் ஆபத்துக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஆண்டின் மழை, பனி, பொருளாதாரம் போன்ற ஏதோ ஒன்று எல்லோருடைய விகிதத்தையும் ஒருசேர 10 சதவீதத் திட்டவிலக்கத்தில் ஆட்டினால்? திட்டவிலக்கம் 105-க்குத் தாவும்.

ஆகவே பாய்சானா எதிர்மறை ஈருறுப்பா என்பதைவிட, அந்தக் கூடுதல் சிதறல் தனித்தனியாக வருகிறதா, எல்லோரையும் சேர்த்து அடிக்கிறதா என்பதே பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. ஒரே ஆண்டின் பாலிசிவாரித் தரவை எவ்வளவு நுணுக்கிப் பார்த்தாலும் இது தெரியாது. பல ஆண்டுகளின் மொத்தங்களை வரிசையாக வைத்தால்தான் தெரியும். பத்து ஆண்டு என்றால் பத்துப் புள்ளிதான் என்பது வேறு கதை.

எண்ணிக்கையையும் தொகையையும் பிரிக்காமல் ஒரேயடியாகப் பிடிக்க ட்வீடி என்ற குடும்பம் இருக்கிறது: பூஜ்யத்தில் ஒரு கட்டி, மேலே தொடர்ச்சியான வளைவு. உள்ளே பார்த்தால் அது பாய்சானும் காமாவும் சேர்ந்ததுதான். ஒரே மாதிரியில் வேலை முடிகிறது. ஆனால் அதன் வழக்கமான வடிவத்தில், ஒரு காரணி எதிர்பார்ப்பு இழப்பை உயர்த்தினால் எண்ணிக்கை, தொகை இரண்டும் சேர்ந்தே உயர வேண்டும். நகர நெரிசலில் விபத்து அதிகம், ஆனால் சின்னச் சின்ன உரசல்; நெடுஞ்சாலையில் விபத்து குறைவு, ஒவ்வொன்றும் பெரிது. இந்த எதிரெதிர்ப் போக்கை ட்வீடி விழுங்கிவிடும். தரவு போதுமானதாக இருந்தால் நான் பிரித்தே செய்வேன்.

கூட்டிப் பார்ப்பது

கடைசியில் ஆண்டின் மொத்த இழப்புக்கு ஒரு பரவல் வேண்டும். இங்கே வழிகள் நான்கு, தேர்வு அவ்வளவு கடினமில்லை. இயல்நிலைத் தோராயம் அவசரக் கணக்குக்கு மட்டும். கனத்த வால் என்றால் தொடவே வேண்டாம். ஹாரி பாஞ்சர் 1981-ல் கொடுத்த மீள்தொடர் முறை, தொகையைப் படிகளாக நறுக்கி ஒவ்வொரு படியின் நிகழ்தகவையும் முந்தையவற்றிலிருந்து பெறுகிறது. பாய்சான், ஈருறுப்பு, எதிர்மறை ஈருறுப்பு மூன்றுக்கும் பொருந்தும். நறுக்கும் பிழையைத் தவிர வேறு பிழை இல்லை, சின்னத் தொகுப்புக்கு இதைவிடச் சுத்தமான முறை எனக்குத் தெரியாது. ஒரு பொறி மட்டும் இருக்கிறது. ஆண்டுக்கு 1,000 கிளெய்ம் என்றால் தொடக்கமே இ-யின் மைனஸ் 1,000 அடுக்கு. கணினி அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும், அப்புறம் எல்லாமே பூஜ்யம். சராசரியைப் பலமுறை பாதியாக்கிக் கணக்கிட்டு, பிறகு மடித்துச் சேர்த்தால் தப்பலாம். ஃபூரியே மாற்றம் வேகமானது. அட்டவணையின் நீளம் போதாவிட்டால் வாலின் நிகழ்தகவு சுற்றிக்கொண்டு வந்து தலையில் ஒட்டிக்கொள்ளும்.

உருவகப்படுத்தல், அதாவது மான்டி கார்லோ, எல்லா இடத்திலும் ஓடும். மறுகாப்பீட்டு ஒப்பந்தம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் நிரலில் எழுதிவிடலாம். அதற்குரிய விலை துல்லியத்தில். காப்பீட்டு நிறுவனங்களின் மூலதனத்துக்கான ஐரோப்பாவின் சால்வென்சி 2 விதிகள் கேட்பது ஓராண்டுக்கான 99.5 சதவீதப் புள்ளி, இருநூறு ஆண்டுக்கு ஒன்று என்று சொல்லப்படுவது. 1,000 முறை ஓட்டினால் அந்தப் புள்ளிக்கு மேலே ஐந்தே விடைகள் நிற்கும். 10,000 ஓட்டினால் 50. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட்ட வேண்டும். 1,000 முறை ஓட்டி, மூலதனத் தேவையைக் கடைசி இலக்கம்வரை அச்சடித்த அறிக்கை ஒன்று என் மேசைக்கு வந்ததுண்டு. கணினியின் சீரற்ற எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை மாற்றி மறுபடி ஓட்டச் சொன்னேன். இரண்டாவது இலக்கமே மாறிவிட்டது.

இப்போது என்னிடம் ஒரு ஃபைலைக் கொடுத்து எந்த வளைவு என்று கேட்டால் நான் செய்வது இது. உச்சவரம்பு தாழ்ந்த சில்லறைப் பாலிசி, பல காரணிகள்: காமா, வேறு பேச்சில்லை. உச்சவரம்பு உயரமாக, ஆனால் தரவு எட்டியிருக்கும் உயரத்துக்குள் இருந்தால் லாக்நார்மலில் தொடங்கி, சராசரி மிகை வரைபடம் நேர்கோடாகத் தெரிந்தால் வாலை மாற்றுவேன். தரவில் இதுவரை ஒரு கிளெய்ம்கூடப் போகாத உயரத்தில் அடுக்கு இருந்தால், லாக்நார்மல் விலை ஒன்று, பொதுமைப் பரேட்டோ விலை மூன்று எல்லைகளுக்கு மூன்று, ஆக நான்கு எண்களையும் கையில் எடுத்துக்கொண்டு விலை பேசப் போவேன். எதிரே இருப்பவர் எப்போதும் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்பார். நான்கில் தாழ்ந்தது எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.